நான்காம் வரிசைப் புதினா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரிசோதனை முடிந்ததும் முதல் வரிசையின் உதிரித் தொட்டி யாராவது ஒருவருடைய வீட்டுக்குப் போய்விடும். முதல் வரிசை என்றால் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் மட்டும் கொடுத்து வளர்த்த செடிகள். மற்ற செடிகளுக்கு நாங்கள் செய்கிற கொடுமைகளை எதோடு ஒப்பிடுவது, அதற்காகத்தான் அவை. ஒன்று பட்டுப்போனால் கைகொடுக்கட்டும் என்று கூடவே ஓர் உதிரியும் வளரும். வேலை முடிந்ததும் அதை எரிப்பதற்கான பையில் போட எங்கள் யாருக்கும் மனம் வராது.

இந்தத் தடவை செடி, புதினா. நியாயப்படி உதிரித் தொட்டி எங்கள் ஆராய்ச்சி மாணவிக்குப் போக வேண்டும். வீட்டில் அவளுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் வைத்த அவசரக்குடுக்கைதான் நிலைத்துவிட்டது. போனில்கூட, "மேடம், அவசரக்குடுக்கை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். தொட்டியை எனக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கோங்க மேடம். புதினான்னு யாராவது வாயைத் திறந்தாலே எனக்குத் தலை சுத்துது. யாருக்கு, உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? பகல் பூரா இதோட மாரடிக்கிறது போதாதா? மருமகளுக்கு. மூணு மாசம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. புதினா டீ போட்டுக் குடுத்தா கொஞ்சம் அடங்கும்."

அவள் ஓடிப்போய், பசுமைக்குடிலிலிருந்து தொட்டியைத் தட்டோடு தூக்கிவந்து என் மேசையில் வைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதன் வாசனை என்னோடு வந்தது.

அந்தப் புதினாவை எதற்காக வளர்த்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய பேட்டரிக் கம்பெனி இருந்த நிலம் சும்மா கிடக்கிறது. கம்பெனி மூடி நாளாகிவிட்டது. மண்ணில் அது விட்டுப்போன காட்மியம் மட்டும் அப்படியே இருக்கிறது. காட்மியம் ஒரு கன உலோகம். அங்கே கீரையோ காயோ போட முடியாது. வேர் அதை உறிஞ்சி இலைக்கு அனுப்பும், இலையிலிருந்து நம் வயிற்றுக்கு வரும், வந்தது சிறுநீரகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. ஆனால் வாசனைச் செடி போடலாம். இலையை ஆவியில் காய்ச்சி எண்ணெய் இறக்கும்போது உலோகம் ஆவியோடு மேலே வராது. எண்ணெய் சுத்தமாக இருக்கும், இலை வாயில் படக்கூடாது, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த மண்ணில் புதினாவும் ஒழுங்காக வளர்வதில்லை. மஞ்சளாகிச் சூம்பி, வேர் கறுத்து நிற்கிறது. அதற்குத்தான் ஹார்மோன். செடிகளுக்கும் ஹார்மோன் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது சாலிசிலிக் அமிலம்; முகப்பருக் களிம்பில் இருக்கிறதே, அதேதான். செடிக்குள் அது அபாயச் சங்கு. மிகக் கொஞ்சமாகக் கரைத்து இலைமேல் தெளித்தால், செடி ஏதோ ஆபத்து வருகிறது என்று முன்கூட்டியே இடுப்பைக் கட்டிக்கொண்டு தயாராகிவிடும். உள்ளே வருகிற உலோகத்தைச் செல்லுக்குள் ஒரு மூலையில் அடைத்துப் பூட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வருகிற அளவு கொஞ்சம் குறையலாம். அடியோடு இல்லாமல் போகாது.

நான்கு வரிசைகள் வைத்தோம். முதல் வரிசை நல்ல மண். இரண்டாவது நல்ல மண்ணும் ஹார்மோனும். மூன்றாவது காட்மியம் கலந்த மண். நான்காவது அதே மண்ணும் ஹார்மோனும். மூன்றாம் வரிசை எதிர்பார்த்தபடியே அழுது வடிந்துகொண்டிருந்தது. நான்காம் வரிசையோ வாரத்துக்கு வாரம் நிமிர்ந்து, கடைசியில் முதல் வரிசைக்கு நிகராகத் தளதளவென்று நின்றது. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரு உருப்படியான விஷயம் செய்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இதைப் படம் எடுத்தே ஆகணும்" என்றேன்.

நான்காம் வரிசையிலேயே கண்ணைப் பறித்த ஒரு தொட்டிக்கு அவசரக்குடுக்கை 'அழகி' என்று பெயர் வைத்திருந்தாள். முதல் வரிசையில் லட்சணமாக இருந்தது உதிரித் தொட்டி. இரண்டையும் கறுப்புத் துணிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தோம். தொட்டிகள் கறுப்பு பிளாஸ்டிக். அதில் மார்க்கரால் எழுதினால் தெரியாது என்பதால் எண்களை அடியிலிருக்கும் வெள்ளைத் தட்டில்தான் எழுதுவோம். படத்தில் எண் தெரியக் கூடாது என்று தட்டுகளைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னவள் நான்தான். படம் எடுத்து முடித்து, ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தோம். படம் பிரமாதமாக வந்திருந்தது. எது நல்ல மண்ணில் வளர்ந்தது, எது விஷத்தில் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று இரண்டு பேரும் குதித்தோம்.

இனி வீட்டுக் கதை. என் மகனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான். வீட்டில் நானும் மருமகளும்தான். எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டையே கிடையாது. இதை நான் ஆய்வுக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். நான் எது சொன்னாலும் அந்தப் பெண், "சரி அத்தை" என்பாள். எப்படி இருக்கே என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன் அத்தை." அவ்வளவு சமர்த்து.

தொட்டியைச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு கை இலை கிள்ளிக் கொதிக்கவைத்து வடிகட்டி, தம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். சாயங்காலம் வந்ததும் இன்னொரு தம்ளர். என் கையால் யாருக்கும் எதுவும் செய்து கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. மகனையே கேண்டீன் சாப்பாட்டில் வளர்த்தவள். அதனாலோ என்னவோ, அந்த டீயைப் போடுகிற நேரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் தம்ளரைத் தன் அறைக்கு எடுத்துப்போவாள். கொஞ்ச நேரத்தில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைப்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லாருந்துச்சு அத்தை. வயித்துக்கு இதமா இருக்கு."

செடியும் சளைக்கவில்லை. கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. வாரங்கள் போயின. வாந்தியும் மெல்லக் குறைந்தது. மகனிடம் போனில், "எல்லாம் என் கைமணம்டா" என்று அளந்தேன்.

அன்று காலை அவசரக்குடுக்கை என் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே பாய்ந்தாள். கீழ்த்தளத்தில் உலோகம் அளக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர், நான்காம் வரிசை இலைகளின் அளவுகளை அனுப்பியிருந்தார்.

"மேடம்! ஒரு செடியில காட்மியமே இல்ல! சுத்தமா இல்ல! மத்ததுல எல்லாம் இருக்கு, இது ஒண்ணு மட்டும் முழுசா தடுத்திருக்கு!"

நானும் எழுந்துவிட்டேன். விஷத்தை உள்ளே விடாமலே வளர்கிற செடி! அதன் விதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எண்ணெய் எதற்கு, இலையையே சாப்பிடலாம். அந்த நிலத்தில் கீரை போடலாம். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், நான் சந்தோஷமாக இருந்தேன்.

"எந்தத் தொட்டி?"

"நம்ம அழகிதான் மேடம்! ஃபோட்டோல நிக்கிறாளே, அவளேதான்!"

கறுப்புத் துணியும் தனியாக எடுத்துவைத்த தட்டுகளும் கண்முன் வந்தன. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"படம் எடுத்தப்போ தொட்டியைத் திரும்பத் தட்டுல வச்சோமே, அழகியைத் தூக்கினது யாரு?"

"நீங்க... இல்ல, நானா?" என்றவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "அப்போ அந்த உதிரித் தொட்டி..." என்றாள்.

"என் வீட்டு ஜன்னல்ல இருக்கு."

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "இன்னிக்கு அந்த டீ வேண்டாம்மா, தொட்டியையும் தொடாதே, வந்து சொல்றேன்" என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி அத்தை" என்றாள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அறுவடையான தொட்டிகளின் மண்ணை எண் போட்ட உறைகளில் கட்டி வைத்திருந்தோம். அழகியின் எண் போட்ட உறையிலிருக்கும் மண்ணை அளந்தால் போதும். மண்ணில் காட்மியம் இருந்து இலையில் இல்லை என்றால், அது நிஜமாகவே அதிசயச் செடி. என் வீட்டிலிருப்பது நல்ல செடி. மண்ணிலும் இல்லை என்றால், தொட்டி மாறிவிட்டது. என் மருமகள் இத்தனை வாரமாகக் குடித்தது விஷம்.

மண்ணை அமிலத்தில் கரைத்து அளக்க அரை நாள் ஆகும். எடை போடுவதை அவசரக்குடுக்கையிடம் விட்டேன். அவள் இரண்டிரண்டு தடவை சரிபார்த்துச் செய்தாள். நான் மெஷின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மெஷின்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்; அது ஆறி ஆடை கட்டியது. கண்டுபிடிப்பு, கட்டுரை, பெயர், எதுவும் அப்போது மனதில் இல்லை. அந்த மண் நிறைய விஷம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதுவரை எந்த மண்ணுக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கைகூடக் கிடையாது.

மெஷின்காரர் வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மண்ணு சுத்தமா இருக்குங்க மேடம்" என்றார். பாவம், நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார்.

அவசரக்குடுக்கை அழுதாள். "நான்தான் மாத்தி வச்சிருப்பேன் மேடம்."

"ரெண்டு பேருல யாரோ. தட்டை எடுக்கச் சொன்னது நான். கண்ணைத் தொடைச்சுட்டு அந்தப் படத்தைக் கட்டுரையிலேர்ந்து தூக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் எதைப் பார்த்தாலும் ஒரே நினைப்புதான். இத்தனை வருஷத்தில் மஞ்சள் இலையைப் பார்த்தால் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். மஞ்சளடித்திருந்தால் ஒரு இலை கிள்ளியிருக்க மாட்டேன். அது தளதளவென்று நின்றது. நின்றதற்குக் காரணம் நான். செடி தன் கஷ்டத்தை வெளியே காட்டாமலிருக்கும்படி செய்ததும் நான், காட்டவில்லையே என்று நம்பி அதைக் கிள்ளிக் கொடுத்ததும் நான். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மகனிடம் எப்படிச் சொல்வது? இன்னும் முகமே தெரியாத ஒரு உயிருக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், தொட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மருமகள் தன் அறைக் கட்டிலில் சாய்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொன்னேன். தொட்டி மாறிப்போனது, காட்மியம் என்றால் என்ன, அது எங்கே போய்த் தங்கும், எல்லாம். நாளைக்கே டாக்டரிடம் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றேன்.

"என்னை என்ன திட்டணுமோ திட்டு. அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவள் திட்டவில்லை. துணியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். முகம் சிவந்தது.

"அத்தை, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நான் அந்த டீயைக் குடிக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"முதல் நாள் ஒரு வாய் வச்சேன். அப்படியே வெளிய வந்துருச்சு. எனக்குப் புதினா வாசனையே ஆகாது அத்தை, சின்னதுலேர்ந்தே. அப்புறம் தினமும்..." அவள் அறையை ஒட்டிய குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "வாஷ்பேசின்ல ஊத்திடுவேன். வாசனை போறதுக்குத் தம்ளரை சோப்புப் போட்டுக் கழுவிடுவேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தேன். பிறகு என்ன ஆயிற்றோ, விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் பதறிப்போய் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். நான் சிரித்தேன், மறுபடி அழுதேன், மூக்கைச் சிந்தினேன். ஒரு வாய், அதுவும் வாந்தியாகப் போய்விட்டது. டாக்டரிடம் போகத்தான் போகிறோம், ஆனாலும் இனி பயமில்லை.

மூச்சு சீரான பிறகுதான் வலித்தது. காலையிலும் சாயங்காலமும் அந்த வாசனையோடு தம்ளரை வாங்கிக்கொண்டு, வயிற்றைப் பிரட்டுவதை அடக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு அறைக்குப் போயிருக்கிறாள். வாரக்கணக்காக. ஜன்னலோரத்தில் அந்தத் தொட்டி வேறு நாள் முழுக்க மணந்துகொண்டிருந்தது. சமையலறைக்குள் எப்படித்தான் நின்றாளோ.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என் குரல் உயர்ந்துவிட்டது, அது அப்படித்தான், அழுதாலும் அதட்டலாகத்தான் வரும்.

"நீங்க அவ்ளோ ஆசையா போட்டுக் குடுத்தீங்க. வேற எதுவும் நீங்க எனக்குன்னு செஞ்சதில்லையா... அதான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது. சண்டையே இல்லாத வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதை நினைத்துக் கூசியது. பச்சையாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகிறவள் நான். வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறேன். "நல்லாத்தான் இருக்கேன் அத்தை" என்பதை ஒரு நாளாவது நின்று கேட்டேனா? மேசையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி. உனக்கு என்ன குடிக்கணும் போல இருக்கு?"

"ஐஸ் தண்ணி" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவளைப் போல. நான் வீட்டில் ஐஸே வைக்க விடுவதில்லை. சளி, தொண்டை என்று ஒரு பிரசங்கம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்து, பெரிய தம்ளர் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே, கடகடவென்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவள் எதையாவது இப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வேற என்னல்லாம் இப்படித் தாங்கிக்கிட்டிருக்கே?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"நிஜமா?"

ஐஸ் துண்டு ஒன்றை வாயில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கோபப்பட மாட்டீங்களே?"

"படுவேன். அதுக்காக நீ சொல்லாம இருக்காதே."

அவள் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் முடிகிற விஷயமில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"விடிகாலையில ரேடியோ போடறீங்கல்ல..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷமாக நான் அந்த ரேடியோவோடுதான் கண்விழிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ம். ரேடியோ. அடுத்தது?"